கொட்டுகிறதா, உடைகிறதா? மெல்லிய முடியுள்ள ஒரு பெண்ணின் பத்து மாதப் பராமரிப்பு: நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மதுரை வில்லாபுரம் பக்கம் குடியிருக்கும் 36 வயதுப் பெண். நகருக்குள் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை; காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நின்றபடிதான். முடியை இறுக்கிக் கொண்டை போட்டுப் பூ வைத்திருக்க வேண்டும் என்பது கடையின் விதி. இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது. 2022 நவம்பரில் டெங்கு வந்து ஒரு வாரம் படுத்திருந்தார். 2023 பொங்கல் தாண்டியதும் முடி கொட்டத் தொடங்கியது. பிப்ரவரி நடுவில், தோல் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து இயங்கும் முடிப் பராமரிப்பு ஆலோசனை அறைக்கு நாத்தனாருடன் வந்தார்.

அவர் சொன்ன குறை: "சின்ன வயசுலயே எனக்கு மெல்லிசு முடிதான். இப்ப கொத்துக் கொத்தா வருது. சடை எலிவாலாட்டம் ஆயிருச்சு."

வருவதற்கு முன்பே வீட்டில் வைத்தியம் நிறைய நடந்திருந்தது. பதினான்கு மூலிகை போட்டுக் காய்ச்சியது என்று விற்கும் எண்ணெயை தினமும் இரவு உச்சி நனையத் தேய்த்திருக்கிறார். வெங்காயச் சாறு தடவி எரிச்சல் வந்ததால் நிறுத்தியிருக்கிறார். விளம்பரம் பார்த்து வாங்கிய பயோட்டின் (ஒரு பி வகை வைட்டமின்) மிட்டாய் மாத்திரையை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார். அம்மா பழனிக்கு மொட்டை நேர்ந்திருக்கிறார். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

மெல்லிய முடி என்று சொல்லும்போது இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, இழை ஒவ்வொன்றுமே நூலாக இருப்பது. அது பிறவி வாகு, எந்த எண்ணெயும் அதை மாற்றாது. இன்னொன்று, இழைகளின் எண்ணிக்கை குறைவது. இவருக்கு முதலாவது எப்போதும் இருந்தது, இரண்டாவது இப்போது சேர்ந்திருக்கிறது. நூல்முடிக்காரர்களுக்குச் சாதாரண உதிர்வுகூடச் சீக்கிரம் கண்ணில் தெரிந்துவிடும். தடித்த முடியில் கால்பங்கு போனாலும் சடை சடையாகவே இருக்கும். இங்கே உச்சி வெளுத்துத் தெரியும்.

## முதலில் பார்த்தது: காகிதக் கவரில் வந்த முடி

நேரில் வருவதற்கு முன் ஒரு வேலை சொல்லப்பட்டது. ஐந்து நாள் தலைக்கு ஊற்றக் கூடாது. ஆறாம் நாள் எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டும். குளியலறைத் தண்ணீர் போகும் வாயில் பழைய நைலான் வலைத்துணியை விரித்து, அதில் தங்கும் முடி, துண்டில் ஒட்டும் முடி, காய்ந்த பிறகு சீப்பில் வருவது எல்லாவற்றையும் நிழலில் உலர்த்திக் காகிதக் கவரில் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கித் திரண்டுவிடும், அப்புறம் பிரிக்க முடியாது.

அந்த முடியை வெள்ளைத் தாளில் பரப்பி, மேசை விளக்கின் கீழ் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தேடுவது நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஒரு முனையில் கடுகிலும் சிறிய வெளிறிய கிழங்கு இருந்தால் அது வேரோடு வந்த முடி. ஓய்வுக் காலம் முடிந்து தானாகக் கழன்றது. இரு முனையிலும் கிழங்கே இல்லாமல், ஒரு முனை பிசிறிட்டோ மழுங்கியோ இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. இந்த இரண்டையும் பிரிக்காமல் 'முடி கொட்டுகிறது' என்று ஒரே பெயரில் மருந்து தேடுவதால்தான் பலருக்குப் பணம் விரயமாகிறது. வேரோடு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள். ஒடிவதற்குக் காரணம் சீப்பு, துண்டு, ரப்பர் பேண்ட், தண்ணீர்.

மொத்தம் 236. அதில் கிழங்கோடு வந்தவை 148, ஒடிந்தவை 88. கிழங்கோடு வந்த 148-லும் 17 இழைகள் 3 செ.மீ. நீளம்கூட இல்லாமல், மற்றவற்றைவிட மெலிந்து இருந்தன. வெட்டாத முடியில் இப்படிக் குட்டை முடி வேரோடு வருவது, வேர்கள் சில சுருங்கத் தொடங்கியதன் அடையாளம்; பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும்.

தலையில் பார்த்தவை:

வகிடு நெற்றிக்கு அருகே அகன்று பின்னால் போகப் போகக் குறுகியது. முன்நெற்றிக் கோடு பின்வாங்கவில்லை. இரு காதுக்கும் மேலே, பொட்டுப் பகுதியில் முடி அருகி, ஓரத்தில் மட்டும் பூனைமுடி வரிசை ஒன்று மிஞ்சியிருந்தது. அங்கே சிறு பருக்களும் உண்டு. இது இறுக்கி இழுத்துக் கட்டுவதால் வருகிற தேய்வு. அறுபது முடி அளவுக்கு விரல்களில் பற்றி வேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பார்த்ததில் உச்சியில் 7, பக்கவாட்டில் 6 வந்தன. உச்சியில் மட்டுமில்லாமல் எல்லாப் பக்கமும் வருவதால் காய்ச்சலுக்குப் பிந்திய உதிர்வு என்று பொருந்தியது. எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் பொடுகு இருந்தது. வால்கட்டாகக் கட்டி அடியில் தையல் டேப்பால் அளந்தபோது சுற்றளவு 4.3 செ.மீ. நீளம் இடுப்புவரை, கடைசி ஒரு சாண் வெறும் பத்து இருபது இழை.

ஆக, ஒரே தலையில் நான்கு: பிறவி நூல்முடி, டெங்குக்குப் பிந்திய உதிர்வு, இழுவையால் ஓரத் தேய்வு, உச்சியில் வேர் சுருங்குவதன் தொடக்கம். கடைசியதைத் தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து உறுதி செய்தார். தடித்த இழையும் மெலிந்த இழையும் பக்கத்துப் பக்கத்தில் கலந்து நின்றன.

காய்ச்சலுக்கும் உதிர்வுக்கும் நடுவே இரண்டு மாத இடைவெளி ஏன் என்று நாத்தனார் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். வளரும் முடி 2 முதல் 6 ஆண்டு வளரும். பின் சில வாரம் சுருங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்வில் இருந்து விழும். கடுங்காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட் போன்றவை வளரும் முடியில் பெரும் பங்கை ஒரே சமயத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடுகின்றன. அது தலையிலேயே இருந்து, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதனால் போன வாரம் மாற்றிய ஷாம்புவைக் குறை சொல்கிறோம். காரணம் தீபாவளிப் பக்கத்துக் காய்ச்சலாக இருக்கும்.

## ரத்தப் பரிசோதனையும் பயோட்டின் குழப்பமும்

முதல் முடிவுகள்: ஹீமோகுளோபின் 10.4 (கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் சோகை). டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) 0.18, மிகக் குறைவு. எஃப்.டி.4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சற்று அதிகம். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று படிக்கத் தோன்றும் அறிக்கை. தைராய்டு மிகுந்தாலும் முடி கொட்டும், ஆகவே கதை கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனால் ஆள் பொருந்தவில்லை. படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, கை நடுக்கம் இல்லை, நாடித் துடிப்பு 76. மருத்துவர் அந்த மிட்டாய் மாத்திரை டப்பாவைக் கேட்டார். ஒன்றில் 10 மி.கி. பயோட்டின், நாளுக்கு ஒன்று. பல ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனை முறையில் பயோட்டின் ஒரு பிடிமானப் பொருளாகவே பயன்படுகிறது. ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூட இது கெடுக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்திருக்கிறது.

மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பார்த்தபோது டி.எஸ்.எச். 2.4. தைராய்டில் ஒன்றுமில்லை. உடம்பில் பயோட்டின் குறைபாடு சாதாரணமாக வருவதே இல்லை. குறையாத இடத்தில் கூடுதலாகப் போட்டு முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. மிட்டாய் அதோடு நின்றது.

இரண்டாவது முறை ரத்தம் எடுத்தபோது, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கேட்கப்பட்டது: 9. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழ் போனால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று கணக்கு. முடிக்கு 40-க்கு மேலாவது வேண்டும் என்று தோல் மருத்துவர்கள் பலர் பார்க்கிறார்கள். காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறிக் காட்டும். ஆகவே காய்ச்சலோடு எடுத்தால் 'நார்மல்' என்று வந்து ஏமாற்றும்.

இரும்பு எங்கே போகிறது என்று கேட்டபோது, மாதவிடாயின் முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருப்பதாகவும், கடையில் அடிக்கடி போக விடமாட்டார்கள் என்பதால் இரண்டு வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் யாரிடமும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. மகளிர் மருத்துவர் ஸ்கேன் பார்த்தார். கர்ப்பப்பையில் சிறிய நார்க்கட்டி. அந்த நாட்களில் மட்டும் போட, ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்சமிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த ஓட்டையை அடைக்காமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் கையிருப்பு ஏறியிருக்காது.

## எடுத்த முடிவுகள், காரணங்கள்

### மொட்டை

வேண்டுதல் வேறு, முடி வளர்ப்பு வேறு என்று பிரித்துப் பேசினோம். மொட்டைக்குப் பின் முளைக்கும் முடியின் முனை வெட்டுப்பட்டு மொட்டையாக இருப்பதால் தடவும்போது முரடாகத் தெரியும். வேரின் எண்ணிக்கையும் பருமனும் அப்படியேதான் இருக்கும். வேண்டுதலை நிறைவேற்றுவதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. அம்மாவே பூமுடி கொடுத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டார். மார்ச்சில் பழனியில் அது முடிந்தது.

### வெட்டு

இதற்குத்தான் வீட்டில் பேச்சு அதிகம். "முடிய வெட்டிப்புட்டுப் பூவ எங்கிட்டு வைக்கிறது?" என்று மாமியார் ஃபோனிலேயே கேட்டார். முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரும். இன்று முளைக்கும் முடி இடுப்பைத் தொட ஐந்தாறு ஆண்டு ஆகும். அதுவரை சடையின் நுனி எலிவாலாகவே இருக்கும், எந்த மருந்து வேலை செய்தாலும். அந்த ஒல்லி நுனிதான் சிக்கிச் சிக்கி மேலே உள்ள முடியையும் இழுக்கிறது. 25 செ.மீ. எடுத்து, முதுகின் நடுப்பகுதிவரை வைக்கலாம், கொண்டையும் வரும் பூவும் வைக்கலாம் என்று அளந்து காட்டிய பிறகு சம்மதம் வந்தது.

வெட்டு நேர்கோட்டில் ஒரே நீளமாக இருக்க வேண்டும். பார்லரில் 'லேயர் போட்டா பம்முனு இருக்கும்' என்பார்கள்; தடித்த முடிக்கு அது சரி. நூல்முடியில் லேயர் போட்டால் அடிப்பகுதியில் இருக்கும் கொஞ்ச முடியும் பல நீளங்களுக்குப் பிரிந்து நுனி இன்னும் ஒல்லியாகும். ஸ்மூத்னிங், ரீபாண்டிங் இரண்டும் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அவை முடியைத் தலையோடு படிய வைக்கும். படிந்தால் உச்சி இன்னும் தெரியும். சூட்டில் ஒடிவது தனி.

### தண்ணீர்

வீட்டில் குளிக்க போர் தண்ணீர். பக்கெட் ஓரத்திலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு. பரிசோதனையில் கடினத்தன்மை லிட்டருக்கு 720 மி.கி.; குடிநீருக்கான இந்தியத் தரத்தில் விரும்பத்தக்க அளவு 200, வேறு வழியில்லாவிட்டால் 600. உப்புத் தண்ணீர் முடியை வேரோடு கொட்ட வைப்பதில்லை. அது இழையின் மேல் படிந்து சொரசொரப்பாக்குகிறது, சொரசொரப்பு சிக்காகிறது, சிக்கெடுக்கும்போது நூல்முடி ஒடிகிறது. சோப்புப் போட்டுத் தலை குளித்தால் நிலைமை மோசம். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து கரையாத பிசினாக முடியில் ஒட்டும்.

முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காது. கடைசி அலசலுக்கு மட்டும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் 4 லிட்டர் தனியாக எடுத்து வைக்கச் சொன்னோம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது பாதிதான் உண்மை. கடினத்தன்மையில் ஒரு பங்கு மட்டுமே அதில் இறங்கும். இன்னொன்று: ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் இவர் வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். அதைக் கழிப்பறைக்கும் வாசல் தெளிக்கவும் மாற்றச் சொன்னோம்.

### குளியல் முறை

செவ்வாய், வெள்ளி தலைக்கு ஊற்றும் வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். முதல் நான்கு வாரம் இரண்டு நாளும் பூஞ்சையை ஒடுக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு. நுரையை மண்டையில் மட்டும் ஐந்து நிமிடம் வைத்து அலச வேண்டும். எண்ணெய் தேய்த்தால் பொடுகு போகும் என்பது பரவலான எண்ணம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது. அதனால் மண்டையில் எண்ணெய் நிறுத்தப்பட்டது.

முடியின் நீளத்துக்கு மட்டும் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தேங்காயெண்ணெய், குளிக்க ஒரு மணி நேரம் முன்பு. தேங்காயெண்ணெய் இழைக்குள் ஊறி, நனையும்போது முடி ஊதிச் சத்து கரைவதைக் குறைக்கிறது. இதில் மற்ற எண்ணெய்களைவிட அது மேல். ஆனால் வேரை வளர்க்காது. நூல்முடியில் 5 மி.லி. தாண்டினால் இழைகள் ஒட்டிக்கொண்டு உச்சி பளிச்சென்று தெரியும், அதைப் போக்க ஷாம்பு இரண்டு முறை போட வேண்டிவரும்.

சீயக்காயை மாமியார் விடமாட்டார். விடவும் தேவையில்லை, பொடியாகப் போடாதவரை. மில்லில் அரைத்த பொடியில் நார்த்துகள் இருக்கும்; முடியில் தேய்க்கும்போது அது உரசும், அலசினாலும் போகாமல் சிக்கும். இரண்டு மேசைக்கரண்டிப் பொடியை ஒரு டம்ளர் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, வெள்ளை வேட்டித் துணியில் வடித்து, அந்தத் தெளிவை மட்டும் ஊற்றச் சொன்னோம். நான்கு வாரத்துக்குப் பின் வெள்ளிக்கிழமைக்கு அது வந்தது. செம்பருத்தி இலைச் சாற்றையும் இதேபோல் வடித்துக் கடைசியில் ஊற்றலாம். வழவழப்பால் சிக்குக் குறையும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

குளித்த பின் நடந்ததுதான் 88 ஒடிந்த முடிக்கு முக்கியக் காரணம். ஈரத் தலையைக் குனிந்து, துண்டை முறுக்கிப் பட்பட்டென்று அடித்து உலர்த்துவார். பிறகு ஈரத்திலேயே நெருக்கப் பல் சீப்பு. கடைக்கு நேரமாகிவிட்டதால் ஈரத்தோடு கொண்டை. நனைந்த முடி காய்ந்ததைவிட அதிகம் இழுபடும், எளிதில் அறும். மாற்று: பழைய பருத்தி வேட்டியில் பிழியாமல் ஒற்றி எடுப்பது, விரலால் பெரிய சிக்கைப் பிரிப்பது, முக்கால் பங்கு காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போவது. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இறக்கினால் எல்லாச் சிக்கும் கீழே ஒரே முடிச்சாகத் திரளும். வேலை நாளில் இதற்கு நேரம் கிடைக்காது என்பதால் தலைக் குளியலை முந்தைய இரவுக்கு மாற்றினார். வெள்ளிக்கு வியாழன் இரவா என்று மாமியாருக்கு வருத்தம். வெள்ளி விடியற்காலையாக அது சமரசமானது.

### கொண்டையும் பூவும்

மேற்பார்வையாளரிடம் கொடுக்க மருத்துவர் ஒரு குறிப்பு எழுதினார். இறுக்கமான உச்சிக் கொண்டைக்குப் பதில் பிடரியில் தளர்ந்த கொண்டை, ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றிய பேண்ட் அல்லது அகலக் கிளிப். கட்டியபின் புருவத்தை உயர்த்தினால் நெற்றியோரம் இழுக்கக் கூடாது. இழுத்தால் தளர்த்த வேண்டும். பூ தினமும் ஒரு முழம். நாரில் நெருக்கக் கட்டிய மல்லிகைச் சரம் தண்ணீர் தெளித்தால் கனக்கும். அதை ஓர் இழைக்கொத்தில் ஊசியால் குத்தித் தொங்கவிடாமல், கொண்டையின் அடியைச் சுற்றி வைத்து இரண்டு யு-ஊசியால் நிறுத்தினால் கனம் பரவும். சவுரி விசேஷத்துக்கு மட்டும், நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வகிட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றச் சொன்னோம்.

### இரும்பும் சாப்பாடும்

100 மி.கி. இரும்பு உள்ள ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரை தினமும் ஒன்று. அவர் அதைக் கடை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார். டீ, இரும்பு உடம்பில் ஏறுவதைக் குறைக்கும். காலை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு, டீ ஒரு மணி நேரம் கழித்து என்று மாற்றப்பட்டது. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, உடம்பில் சேர்வது குறைவு. ஆட்டுச் சுவரொட்டியில் உள்ளது நன்றாகச் சேரும். ஞாயிறு மெனுவில் அது ஏறியது, எதிர்ப்பே இல்லாமல். எடை 54 கிலோ, கிலோவுக்கு 0.8 கிராம் கணக்கில் நாளுக்கு 43 கிராம் புரதம் வேண்டும். அவர் சாப்பிட்டது முப்பதைத் தொடவில்லை. இரண்டு முட்டையும் (12 கிராம்) மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்த்தோம்.

### மினாக்சிடில், ஆனால் உடனே இல்லை

உச்சியில் சுருங்கும் வேருக்கு 2 சதவீத மினாக்சிடில் திரவம்; மண்டையில் தடவும் முடி வளர்ச்சி மருந்து. மருத்துவர் இதை ஜூனுக்குத் தள்ளிவைத்தார். தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரத்தில் மினாக்சிடிலே பழைய ஓய்வு முடியைத் தள்ளி விழ வைக்கும். டெங்கு உதிர்வு ஓடிக்கொண்டிருக்கும்போது அதையும் சேர்த்தால் எது எதனால் என்று தெரியாது, பயந்து விட்டுவிடுவார். பொடுகு ஆறாத மண்டையில் அதன் திரவம் அரிப்பையும் கூட்டும்.

## நடந்தவை

மார்ச், ஏப்ரல் 2023. மூன்றாம் வாரத்தில் மலச்சிக்கல் தாங்காமல் இரும்பு மாத்திரையை விட்டுவிட்டார். பத்து நாள் கழித்துத்தான் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாளாக மாற்றியதும் வயிறு ஒத்துக்கொண்டது. அப்படிப் போடும்போது மாத்திரைக்கு மாத்திரை உடம்பில் சேரும் பங்கும் கூடும், ஆகவே நட்டம் பெரிதில்லை. ஏப்ரல் கடைசியில் எண்ணியது: மொத்தம் 121, ஒடிந்தவை 24. முதலில் இறங்கியது ஒடிவுதான். துண்டையும் சீப்பையும் மாற்றிய பலன் சில வாரத்தில் தெரியும், ரத்தத்தில் மாற்றிய பலனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சித்திரைத் திருவிழா. திருக்கல்யாணத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்கியதற்கும் நடுவே தொடர்ந்து நாலு நாள் சவுரி, நாலு முழம் பூ, இறுக்கிய சடை. அடுத்த வாரம் பொட்டுப் பகுதியில் பரு திரும்ப வந்தது, தொட்டால் வலி. மூன்று வாரம் விரித்தாற்போல் கட்டியதில் அடங்கியது. திருவிழாவில் பூ வைக்காதே என்று மதுரையில் யாரும் யாரையும் சொல்ல முடியாது. சவுரியை மட்டும் விட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட். ஃபெரிட்டின் 27, ஹீமோகுளோபின் 12.1. மினாக்சிடில் தொடங்கியது. முறை: காய்ந்த மண்டையில், வகிடு போல ஐந்து கோடு பிரித்து, காலையும் இரவும் 1 மி.லி.; விரலால் பரப்பி உடனே கை கழுவ வேண்டும்; நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது; இரவில் படுக்க இரண்டு மணி நேரம் முன்பே தடவ வேண்டும், இல்லையென்றால் தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே முடி வளரும். வீட்டில் பூனை இருந்தால் அது நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பூனைக்கு இது விஷம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் பாலூட்டுபவர்களும் தொடக் கூடாது. இவருக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

நான்காம் வாரம் உதிர்வு கூடியது. முன்பே சொல்லியிருந்தும், "மருந்து போட்டுத்தான் கொட்டுது, நிறுத்திரு அண்ணி" என்று நாத்தனார் சொன்னதில் இரண்டு வாரம் விட்டார். ஆடித் தள்ளுபடி நேரம் வேறு. இரவு பத்தரைக்கு வீடு வந்து ஐந்து கோடு பிரித்துத் தடவ யாருக்கும் தெம்பு இருக்காது. இருவரையும் வரவழைத்து, உதிர்ந்த முடியின் கிழங்கைப் பூதக்கண்ணாடியில் காட்டி, கீழே புதுமுடி தள்ளுவதால் பழையது கழல்கிறது என்று விளக்கிய பின் மீண்டும் தொடங்கினார். வேலை நாளில் இரண்டாவது வேளை தவறினால் ஒரு வேளையாவது விடாமல் போடு என்று மருத்துவர் தளர்த்தினார்.

டிசம்பர் 2023. தலைக்குளியல் எண்ணிக்கை 64, ஒடிந்தவை 9. ஃபெரிட்டின் 52. பொட்டுப் பகுதியில் இரண்டு மூன்று விரற்கடை நீளத்துக்குப் புதுமுடி, சீவினால் படியாமல் நிற்கிறது. வகிடு முன்பக்கம் குறுகியிருக்கிறது. பின்னால் மாற்றம் இல்லை. வால்கட்டுச் சுற்றளவு 4.3-லிருந்து 4.7 செ.மீ. அவ்வளவுதான். இழை அதே நூல்முடிதான். சடை குட்டையாக, நுனிவரை ஒரே பருமனாக இருக்கிறது, கடையில் "முடிக்கு என்ன போடுற?" என்று கேட்கிறார்களாம். உண்மையில் அதற்குப் பெரிய பங்கு கத்தரிக்கோலுக்கு. மினாக்சிடில் தொடர்கிறது, நிறுத்தினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் கிடைத்தது போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். மேல் உதட்டில் லேசாகப் பூனைமுடி கண்டது. இரவுத் தடவலை இன்னும் முன்னதாக்கியதில் கூடவில்லை.

## அடுத்த நிகழ்வில் மாற்றுபவை

ரத்தப் பரிசோதனைக்கு எழுதும்போதே பயோட்டின் கேள்வி கேட்கப்படும். 'வைட்டமின் சாப்பிடுறீங்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். மிட்டாய், பவுடர், முடி மாத்திரை என்று பெயர் சொல்லிக் கேட்டு, டப்பாவைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்தி ஒரு வாரம் கழித்தே ரத்தம் எடுப்பது. ஃபெரிட்டின் முதல் தடவையிலேயே ஹீமோகுளோபினோடு சேர்த்து. மாதவிடாய்ப் போக்கை 'அதிகமா' என்று கேட்காமல், எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று கேட்பது.

முதல் நாள் வகிட்டுப் படம் டியூப்லைட்டின் கீழ், எண்ணெய்த் தலையோடு எடுக்கப்பட்டது. டிசம்பர் படம் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உள்ளதைவிட முன்னேற்றம் அதிகமாகத் தெரிகிறது, ஆகவே இந்த ஆய்வில் சுற்றளவையும் எண்ணிக்கையையும் மட்டுமே கணக்கில் எடுத்தோம். இனி எல்லாப் படமும் ஒரே ஜன்னல், காய்ந்த தலை, நடுவகிடு, ஒரு கை தூரம்.

திருவிழா, கல்யாண மாதங்களுக்கான கட்டு முறையை அந்த மாதம் வருவதற்கு முன்பே எழுதிக் கொடுப்பது. இரும்பு மாத்திரையை முதலிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் தருவது குறித்து மருத்துவரோடு பேசப்பட்டிருக்கிறது. மினாக்சிடிலின் தொடக்க உதிர்வைப் போடுகிறவரிடம் மட்டும் சொன்னால் போதாது. கூட வருகிற நாத்தனாரையோ மாமியாரையோ உட்கார வைத்து, கிழங்கோடு விழுந்த ஒரு முடியைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டுத்தான் பாட்டிலை எழுதுவது.